விலை ஒட்டாத பெட்டி

சென்னை சென்ட்ரலில் இருந்து சூலூர்பேட்டை செல்லும் புறநகர் ரயில் கும்மிடிப்பூண்டியைத் தாண்டியதும் எளாவூரிலும் ஆரம்பாக்கத்திலும் நின்று, தடாவில் ஆந்திரத்துக்குள் நுழைகிறது. ரயில் பாதையை ஒட்டினாற்போல் போகும் தேசிய நெடுஞ்சாலையில் எளாவூர் ஒருங்கிணைந்த சோதனைச்சாவடி இருக்கிறது. இந்தப் பக்கம் ஒரு மாநிலத்தின் சட்டம், அந்தப் பக்கம் இன்னொரு மாநிலத்தின் சட்டம் என்பதைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் இடம் அது. 2025-ஆம் ஆண்டில் சில மாதங்கள் இந்த எல்லை செல்போனுக்குள்ளும் இருந்தது. காசு வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியை ஆந்திரம் 2020-லேயே தடை செய்துவிட்டது. தமிழ்நாடோ 2025 பிப்ரவரியில் நேரக் கட்டுப்பாடு, வயதுக் கட்டுப்பாடு, பண வரம்பு ஆகியவற்றோடு அதை ஒழுங்குபடுத்தியது. ஆரம்பாக்கத்தில் விதிப்படி ஆட முடிந்ததைத் தடாவில் ஆடக்கூடாது என்றிருந்தது. ஆனால் அதே ரயிலில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்றைத் திறந்து, டைமண்ட் டாப்-அப் செய்து, ஸ்பின் போட்டு, துப்பாக்கிக்கு ஒரு ஸ்கின் (அலங்காரத் தோற்றம்) விழுமா என்று பார்க்கும் பதினைந்து வயதுப் பையனுக்கு இரண்டு பக்கமும் எந்த எல்லையும் இல்லை. அவன் காசு கொடுக்கிறான்; என்ன கிடைக்கும் என்று தெரியாமல் கொடுக்கிறான். பெரும்பாலும் நினைத்தது கிடைப்பதில்லை, திரும்பவும் கொடுக்கிறான். ரம்மியைப் பற்றி ஐந்து ஆண்டுகள் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் வாதாடிய நாம் இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை.

உலகம் இதை லூட் பாக்ஸ் என்கிறது. விளையாட்டுக்கு விளையாட்டு கிரேட், ஸ்பின், ராயல் என்று பெயர் மாறும், அமைப்பு மாறாது. முதலில் ரூபாய் டைமண்ட், யூசி போன்ற விளையாட்டு நாணயமாக மாற்றப்படுகிறது. நாணயக் கட்டுகளின் அளவும் பெட்டியின் விலையும் பெரும்பாலும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. கொஞ்சம் மிஞ்சும், அல்லது கொஞ்சம் குறையும். மிஞ்சியதை வீணாக்காமல் இருக்க இன்னொரு முறை டாப்-அப் செய்யத் தோன்றும். பிறகு பொத்தான். ஒரு முறை சுற்ற ஒரு விலை, பத்து முறை சேர்த்துச் சுற்றினால் சற்றுக் குறைந்த விலை. பொத்தானைத் தொட்ட கணமே நிறுவனத்தின் கணினி முடிவைத் தீர்மானித்துவிடுகிறது. அதற்குப் பிறகு திரையில் ஓடுவது வெறும் காட்சிதான். சக்கரம் சுழல்கிறது, ஒளி நீலத்திலிருந்து ஊதாவுக்கும் ஊதாவிலிருந்து பொன்னிறத்துக்கும் போகிறது, முள் மெல்ல மெல்லத் தளர்ந்து அரிய பரிசைத் தொட்டுவிடும்போல் வந்து அடுத்த கட்டத்தில் நிற்கிறது. அந்த ஒரு கட்டத் தூரத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. விழவில்லை என்ற முடிவு முன்பே ஆகிவிட்டது. கிட்டத்தட்ட விழுந்தது என்று காட்டுவது வடிவமைத்தவரின் விருப்பம்.

இது ஏன் இத்தனை வலுவாகப் பிடித்துக்கொள்கிறது என்பதற்கு அறிவியல் வெகுகாலமாக விடை தேடிவருகிறது. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில், எத்தனை முறை கொத்தினால் தானியம் விழும் என்பது மாறிக்கொண்டே இருந்தபோதுதான் அவை ஓயாமல் கொத்தின. தானியம் நின்றுபோன பிறகும் நெடுநேரம் விடவில்லை. ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் 1957-இல் வெளியிட்ட நூல் இத்தகைய பரிசு முறைகளை விரிவாகத் தொகுத்தது. மூளைக்குள் நடப்பதை நரம்பியலாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸின் குழு குரங்குகளில் அளந்து பார்த்தது. டோபமைன் சுரக்கும் நரம்பு செல்கள் பரிசுக்கு மட்டும் துள்ளுவதில்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்துக்குத் துள்ளுகின்றன. உறுதியாகத் தெரிந்த பழச்சாறு வரும்போது அவை ஏறக்குறைய அமைதியாக இருக்கின்றன. 2003-இல் வெளியான ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது: அறிகுறி தெரிந்த நேரத்துக்கும் பரிசு வரும் நேரத்துக்கும் இடையே, அந்தச் செல்களின் செயல்பாடு மெல்ல ஏறிக்கொண்டே போகிறது, வருமா வராதா என்பது சரிபாதியாக இருக்கும்போது அந்த ஏற்றம் உச்சத்தில் இருக்கிறது. அதாவது காத்திருக்கும் அந்தச் சில நொடிகளுக்கே தனியான ஓர் இழுப்பு உண்டு. சக்கரம் மெதுவாக நிற்பது அந்த நொடிகளை நீட்டுவதற்குத்தான். 2009-இல் லூக் கிளார்க் குழு மனிதர்களை வைத்துச் செய்த மூளைப் பட ஆய்வு, மயிரிழையில் தவறுவதை ஆராய்ந்தது. ஆடியவர்களுக்கு அது சாதாரணத் தோல்வியைவிடக் கசப்பாகவே இருந்தது. ஆனாலும் மறுபடி ஆடும் ஆவலை அது கூட்டியது. வெற்றியின்போது விழித்துக்கொள்ளும் மூளைப் பகுதிகளையும் தூண்டியது.

இதோடு ஒரு கணக்குப் பிழையும் சேர்ந்துகொள்கிறது. பெட்டிக்கடையில் தொங்கும் பரிசு அட்டையை நினைத்துப் பார்க்கலாம். சிறுவர்கள் காசு கொடுத்து ஒரு சீட்டைக் கிழிப்பார்கள், பெரும்பாலும் ஒன்றுமிருக்காது. ஆனால் அட்டையில் இருப்பது குறிப்பிட்ட எண்ணிக்கைச் சீட்டுகள். பத்து வெற்றுச் சீட்டுகள் கிழிந்தால் மிச்சமுள்ளவற்றில் பரிசுக்கான வாய்ப்பு உண்மையாகவே கூடுகிறது. பெரிய பரிசு போய்விட்டால் அதுவும் கண்ணுக்குத் தெரிகிறது. லூட் பாக்ஸில் கிழித்த சீட்டு ஒவ்வொரு முறையும் அட்டைக்கே திரும்பிவிடுகிறது. வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நூறு பெட்டி திறந்தால் ஒன்று கிடைத்துவிடும் என்றே மனம் கணக்குப் போடும். கணிதம் சொல்வது வேறு: நூறு பெட்டி திறந்த நூறு பேரில் ஏறத்தாழ 37 பேருக்கு அந்தப் பொருள் ஒருமுறைகூடக் கிடைத்திருக்காது. அவர்களுக்கு நூற்றியோராவது பெட்டியிலும் வாய்ப்பு அதே நூற்றுக்கு ஒன்றுதான். கிடைப்பதற்கு 95 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால் 299 பெட்டி திறக்க வேண்டும். பெட்டிக்கு 60 ரூபாய் என்று வைத்தால் அது 17,940 ரூபாய். சில விளையாட்டுகள் இத்தனை முறைக்குள் கட்டாயம் தருவோம் என்று உறுதி சொல்கின்றன. அது நல்லதுதான், ஆனால் அந்த உறுதியையும் ரூபாயில் சொல்வதில்லை. கடையில் விற்கும் பிஸ்கட் பொட்டலத்தின் மேல் எடையையும் அதிகபட்ச விலையையும் அச்சிட வேண்டும் என்று எடையளவுச் சட்டத்தின் கீழ் விதி இருக்கிற நாட்டில், இந்தப் பெட்டிக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை.

கெடுதல் உண்மையில் நடக்கிறதா, அல்லது இது பெரியவர்களின் பதற்றமா என்பது நியாயமான கேள்வி. 2018-இல் ஆய்வாளர்கள் டேவிட் சென்டிலும் பால் கேன்ஸும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டாளர்களிடம் நடத்திய ஆய்வில், லூட் பாக்ஸில் அதிகம் செலவிடுவோரிடம் சூதாட்டச் சிக்கலும் கடுமையாக இருந்தது தெரியவந்தது. பிறகு வந்த பல ஆய்வுகளும் அதே தொடர்பைக் கண்டன. தொடர்பு என்பது காரணம் ஆகிவிடாது என்று விளையாட்டு நிறுவனங்கள் சொல்வது சரியே. சூதாடும் இயல்புள்ளவர்கள் லூட் பாக்ஸையும் நாடுகிறார்கள் என்று இதைத் திருப்பியும் படிக்கலாம். ஆனால் அப்படிப் படித்தால் நிறுவனங்களின் நிலை மேம்படவில்லை, மோசமாகிறது. சூதாட்டத்துக்கு எளிதில் வசப்படுகிற ஒருவரிடமிருந்து, வயது கேட்காமல், வரம்பு வைக்காமல் பணம் கறக்கும் ஏற்பாடு அது என்று ஆகிவிடுகிறது. பிரிட்டனில் ஜேம்ஸ் குளோஸும் உடனாய்வாளர்களும் 2021-இல் பழைய ஆய்வுத் தரவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, செலவிடுவோரில் உச்சியில் உள்ள ஐந்து சதவீதம் பேர்தான் லூட் பாக்ஸ் வருவாயில் ஏறக்குறையப் பாதியைத் தருகிறார்கள் என்று கண்டார்கள். காரணத்தின் திசையைத் தேடி ஆறு மாத இடைவெளியில் இருமுறை கேட்ட கனடா ஆய்வு ஒன்றும் உண்டு. கேப்ரியல் புரூக்ஸும் லூக் கிளார்க்கும் செய்தது. முதலில் சூதாடாமல் லூட் பாக்ஸில் மட்டும் செலவிட்ட இளைஞர்கள், பின்னர் சூதாடத் தொடங்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஓர் ஆய்வை வைத்து வழக்கை முடித்துவிட முடியாது. குழந்தைகள் புழங்கும் ஒரு பொருளைக் கவனிக்கத் தொடங்குவதற்கு இந்தச் சான்று போதும் என்பதே என் நிலைப்பாடு.

சட்டம் ஏன் இதைக் கவனிக்கவில்லை என்றால், நம் சட்டம் எப்போதும் வேறு இரண்டு கேள்விகளையே கேட்டுவந்திருக்கிறது. திறமையா, அதிர்ஷ்டமா? பணம் வெளியே வருகிறதா, இல்லையா? ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் சொன்னது. குதிரைப் பந்தயமும் அப்படியே என்று 1996-இல், சென்னைப் பந்தய வழக்கில் சொன்னது. ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகள் அடுத்தடுத்து நடந்த பிறகு தமிழ்நாடு கொண்டுவந்த தடையை, இதே வேறுபாட்டை வைத்து 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மாநில அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022 அக்டோபரில் புதிய மசோதா நிறைவேறியது. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது. ஏப்ரலில் அது சட்டமானது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மி, போக்கர் மீதான தடையை மட்டும் நீக்கியது. இத்தனை வாதமும் சீட்டாட்டத்தில் திறமை எவ்வளவு என்பதைப் பற்றியது. லூட் பாக்ஸில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. சுற்றும் பொத்தானில் திறமைக்கு இம்மியளவும் வேலை கிடையாது. முதல் கேள்வியில் ரம்மியைவிடத் தெளிவாகத் தோற்கும் ஒன்று, இரண்டாவது கேள்வியில் மட்டும் தப்பித்துக்கொள்கிறது: பணம் உள்ளே போகிறது, வெளியே வருவதில்லை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் மூன்று நாட்களுக்குள் நிறைவேற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்ற இணையவழி விளையாட்டுச் சட்டம் முதல் கேள்வியைத் தூக்கி எறிந்துவிட்டது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் எதிர்பார்த்து ஆடுவதற்கு முழுத் தடை. பெரிய நிறுவனங்கள் சில நாட்களிலேயே பண ஆட்டங்களை நிறுத்தின. அந்தச் சட்டத்தின் வரையறையை நிதானமாகப் படித்தால் ஒரு வாசல் திறந்திருப்பது தெரிகிறது. காசு கொடுத்து வாங்கிய நாணயம், டோக்கன் போன்றவையும் பந்தயப் பொருளாகக் கருதப்படும் என்கிறது; வெல்வது பணமாக மட்டும் இல்லாமல் பிற ஆதாயமாகவும் இருக்கலாம் என்கிறது. டைமண்டைக் கொடுத்து அரிய ஸ்கின்னுக்குச் சுற்றுவது இதற்குள் வருமா? வரும் என்று வாதிடலாம். வராது என்றும் வாதிடலாம். ஏனென்றால் லூட் பாக்ஸ் என்ற சொல் சட்டத்தில் இல்லை, சமூக விளையாட்டு என்ற பிரிவு சந்தாவையும் ஒருமுறைக் கட்டணத்தையும் மட்டும் குறிப்பிட்டு நின்றுவிடுகிறது. குற்றவியல் தண்டனை உள்ள ஒரு சட்டத்தில் இப்படி மங்கலாக விட்டுவைப்பது குழந்தைக்கும் பாதுகாப்பில்லை, விளையாட்டு தயாரிப்பவருக்கும் நியாயமில்லை.

கிடைப்பது வெறும் படம்தானே, அதுவும் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று கிடைக்கிறதே, பிறகெப்படிச் சூது என்பது அடிக்கடி வரும் மறுப்பு. நெதர்லாந்தில் இதற்கு நெருக்கமான வாதம் வென்றிருக்கிறது. கால்பந்து விளையாட்டின் அட்டைப் பொட்டலங்களுக்காக இஏ நிறுவனத்துக்கு விதித்த ஒரு கோடி யூரோ அபராதத்தை 2022 மார்ச்சில் அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் ரத்து செய்தது. பொட்டலம் திறப்பது தனி ஆட்டம் அல்ல, திறமை சார்ந்த பெரிய ஆட்டத்தின் ஒரு பகுதி என்றது. சட்ட வாசகத்தின்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் பொருளின் மதிப்பை நிர்ணயிப்பது அதைத் தொட முடியுமா என்பதல்ல. அரிய ஸ்கின் உள்ள ஐடியைச் சிறுவர்களும் இளைஞர்களும் தங்களுக்குள் விலை பேசி விற்றுக்கொள்கிறார்கள் என்பது இந்த விளையாட்டுகளை ஆடும் எவருக்கும் தெரியும். விற்காவிட்டாலும், வகுப்பில் யாரிடமும் இல்லாத ஒன்று தன்னிடம் இருப்பது பதினைந்து வயதில் சின்ன விஷயம் அல்ல. ஏதாவது ஒன்று எப்போதும் கிடைக்கும் என்பதும் வாதத்தைக் காப்பாற்றாது. அந்த ஏதாவது ஒன்றுக்காக யாரும் காசு கட்டுவதில்லை.

அப்படியானால் தடை செய்துவிடலாமே? பெல்ஜியம் அதைச் செய்தது. 2018 ஏப்ரலில் அதன் சூதாட்ட ஆணையம், காசுக்கு விற்கும் லூட் பாக்ஸ் சூதாட்டமே என்று அறிவித்தது. சில பெரிய நிறுவனங்கள் விலகிக்கொண்டன. சில ஆண்டுகள் கழித்து ஆய்வாளர் லியோன் ஷியாவ் அங்கே அதிகம் சம்பாதிக்கும் நூறு ஐபோன் விளையாட்டுகளை எடுத்துப் பார்த்தபோது 82-இல் லூட் பாக்ஸ் இருந்தது. நமக்கு இது புதிதல்ல. 2003 ஜனவரியில் லாட்டரியைத் தடை செய்த மாநிலத்தில் மூன்று நம்பர் லாட்டரி விற்றதாகக் கைதாகிறவர்களைப் பற்றிய செய்தி இன்றும் வருகிறது. கண்காணிக்க ஆளில்லாத தடை, சொன்னபடி நடக்கும் நிறுவனத்தை மட்டும் வெளியேற்றிவிட்டு மற்றவர்களுக்குச் சந்தையைத் திறந்துவிடுகிறது. மறுபக்கம், வாய்ப்புச் சதவீதத்தை வெளியிட்டால் போதும் என்று சீனா 2017-இல் தொடங்கிய வழியும் தனியாக நின்றால் பலவீனமானது. தென்கொரியா அதற்குச் சாட்சி. நெக்ஸான் நிறுவனத்தின் மேப்பிள்ஸ்டோரி விளையாட்டில் காசு கொடுத்துச் சுற்றும் கியூப் என்ற பொருளில், ஆட்டக்காரர்கள் பெரிதும் விரும்பிய சில சேர்க்கைகளின் வாய்ப்பை நிறுவனம் சொல்லாமல் குறைத்திருந்தது. சிலவற்றில் அது பூஜ்யமாகவே இருந்தது. ஆண்டுக்கணக்கில் மக்கள் கிடைக்கவே முடியாத ஒன்றுக்குப் பணம் கட்டினார்கள். 2024 ஜனவரியில் கொரிய வணிக ஆணையம் 1,160 கோடி வோன் அபராதம் விதித்தது. மார்ச்சில் வாய்ப்பை வெளியிடுவது அங்கே சட்டக் கட்டாயமானது. அறிவித்த எண்ணைச் சோதித்துப் பார்க்கும் அதிகாரம் யாரிடமாவது இருந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

என் வாதம் இங்கேதான் தமிழ்நாட்டுக்கு வருகிறது. தேவையான கருவி ஏற்கனவே கையில் இருக்கிறது. ஆனால் அது தவறான ஆட்டத்தின் மேல் வைக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் பண ஆட்டங்களுக்காக வகுத்த 2025 விதிகளைப் பாருங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு. நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5 மணி வரை ஆட்டம் கிடையாது. நாள், வாரம், மாதம் என்று பண வரம்பு. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் அரை மணிக்கு ஒருமுறை திரையில் எச்சரிக்கை. நிறுவனங்கள் எதிர்த்தன. 2025 ஜூன் 3-ஆம் தேதி உயர் நீதிமன்றம் விதிகளை ஏற்றது. மக்களின் உடல்நலத்தையும் மனநலத்தையும் காக்க மாநிலம் இப்படி வரம்பு விதிக்கலாம் என்றது. அடுத்த இரண்டரை மாதத்தில் மத்தியச் சட்டம் பண ஆட்டத்தையே அகற்றியதும், ஒழுங்குபடுத்த ஆட்டம் இல்லாமல் விதிகள் மட்டும் மிஞ்சின. அந்த விதிகள் எதை நோக்கி எழுதப்பட்டவை என்று யோசித்தால், அவை ரம்மியின் சீட்டுகளை நோக்கியவை அல்ல. நேரம் தெரியாமல் போவது, செலவு தெரியாமல் போவது, தோற்றதைத் துரத்துவது ஆகியவற்றை நோக்கியவை. மூன்றும் லூட் பாக்ஸில் இருக்கின்றன.

விளையாட்டை முழுவதுமாகப் பூட்ட வேண்டியதில்லை. சண்டை போடட்டும், பந்தயம் ஓட்டட்டும், நண்பர்களோடு அணி சேரட்டும். காசு கொடுத்துச் சுற்றும் அந்த ஒரு பொத்தானுக்கு மட்டும் வயதுச் சரிபார்ப்பும், நள்ளிரவுத் தடையும், மாத வரம்பும் வந்தால் போதும். ஸ்கின்னை நேரடியாக விலை போட்டு விற்பதை யாரும் தடுக்கவில்லை. நல்ல வடிவமைப்புக்கு நல்ல விலை வைக்கட்டும். இதனால் இலவச விளையாட்டுகளே இல்லாமல் போய்விடும் என்கிறார்கள். வருவாயில் பாதி ஒரு சிறு கூட்டத்தின் கட்டுமீறிய செலவில் இருந்து வருகிறது என்றால், மற்றவர்களின் இலவசத்துக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் அந்த வாதத்தை வைக்க வேண்டும். வாய்ப்பைச் சதவீதத்தில் மட்டுமின்றி ரூபாயில் சொல்லவும் கட்டாயமாக்கலாம். இந்தத் துப்பாக்கி ஸ்கின் கிடைக்கச் சராசரியாக 6,000 ரூபாய் ஆகும் என்று பொத்தானுக்கு மேல் எழுதியிருந்தால் அதைப் புரிந்துகொள்ளக் கணித ஆசிரியர் தேவையில்லை.

பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்ற மறுப்பு கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிய குடியிருப்புகளுக்கு எப்படிப் பொருந்தும் என்று பார்க்க வேண்டும். தொழிற்சாலை மூன்று ஷிஃப்டில் ஓடுகிறது. இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவர் பகலில் தூங்கும்போது அவருடைய போன் பிள்ளையின் கையில் இருக்கிறது. அந்தப் போனில் அவருடைய யுபிஐ இருக்கிறது. ரகசிய எண் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விளையாட்டின் பெயரில் இல்லாமல் ஆப் கடையின் பெயரில், சிறு சிறு தொகையாகப் பணம் போகிறது. வேலைக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரே அறையில் தங்கியிருக்கும் இளைஞர்களுக்கோ பார்த்துக்கொள்ளப் பெற்றோர் அருகில் இல்லை. ஓய்வு நேரத்தின் ஒரே துணை போன். இவர்களிடம் கட்டுப்பாடு இல்லை என்று குறை சொல்வது எளிது. ஸ்கின்னரில் தொடங்கிய ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு அறிவியலைத் தெரிந்துகொண்டு பொத்தானை வடிவமைத்தவர் ஒரு பக்கம், எட்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் நின்று வந்தவர் மறுபக்கம். இதைச் சமமான பேரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நிறுவனங்கள் வெளிநாட்டில் இருக்கின்றன, மாநில ஆணையம் எப்படிப் பிடிக்கும் என்பது கடைசியாக வரும் கேள்வி. பணம் போகும் வழி உள்நாட்டில்தான் இருக்கிறது. இரண்டு ஆப் கடைகள், சில பணப்பரிமாற்ற நிறுவனங்கள், யுபிஐ. பண ஆட்டங்களுக்கு வங்கிகள் பணம் செலுத்த உதவக்கூடாது என்று மத்தியச் சட்டம் சொல்லும்போது, வரம்பு மீறிய சுழற்றலுக்கு அதே குழாயை மூடுவது தொழில்நுட்பத்தில் கடினமல்ல. 2022 மசோதாவிலிருந்து வந்த தமிழ்நாட்டுச் சட்டம் ஆணையத்தில் ஓய்வுபெற்ற காவல் அதிகாரியோடு தகவல் தொழில்நுட்ப வல்லுநருக்கும் உளவியலாளருக்கும் இணையவழி விளையாட்டு அறிந்தவருக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறது. அவர்கள் செய்யக்கூடிய முதல் வேலை எளியது: இங்கே அதிகம் ஆடப்படும் விளையாட்டுகளில் ஆணையத்தின் காசிலேயே ஆயிரக்கணக்கில் பெட்டிகளை வாங்கித் திறந்து, விழுந்ததைக் குறித்துவைத்து, நிறுவனம் அறிவித்த சதவீதத்தோடு ஒப்பிட்டு, முடிவைத் தமிழில் வெளியிடுவது.